“இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்கும் பிள்ளைக்காக

ஓவியக் காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு காட்சிக்கூடத்தில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு வயது இருக்கும், ஒரு பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். “மிஸ், இதுல என்ன எழுதியிருக்கு?” என்று தன் ஆசிரியரைக் கேட்டான். “அது மலையாளம்ப்பா, நமக்குப் புரியாது. வரிசையில வா” என்று பதில் வந்தது. அவனும் போய்விட்டான்.

ஒரு வகுப்பையே கட்டி மேய்ப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும், அதனால் அந்த ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலையாளம் தெரிந்தவர்கள் வந்து நின்றாலும் அதைப் படிக்க முடியாது. எழுத்தின் சாயலில் பணிக்கர் இழுத்த கோடுகள் அவை. படிப்பதற்காக அவர் அவற்றை எழுதவில்லை.

அந்தப் பையனுக்குச் சொல்ல ஒரு நல்ல கதை இருந்தது. பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர். 1963 வாக்கில் இந்த வரிசையை அவர் தொடங்கக் காரணமே ஒரு மாணவரின் கணக்கு நோட்டுதான். எண்ணும் எழுத்தும் வடிவியல் படமும் நெருக்கியடித்துக் கிடந்த அந்தப் பக்கங்களை அவர் கணக்காகப் பார்க்கவில்லை, ஓவியமாகப் பார்த்தார். பிறகு அதற்குள் மலையாள எழுத்தின் சுழிவுகளும் ஜாதகக் கட்டங்களும் வந்து சேர்ந்தன. தன் பையில் இருக்கும் நோட்டுக்கும் சுவரில் தொங்கும் படத்துக்கும் உறவு இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு பிள்ளை எவ்வளவு சந்தோஷப்படும்!

நமக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. பழந்தமிழில் ஓவியத்தையும் ‘எழுதுவது’ என்றுதான் சொன்னார்கள். தோளிலும் மார்பிலும் ‘தொய்யில்’ என்ற கோலத்தை எழுதினார்கள், மையிட்டுக் கண்ணை எழுதினார்கள். கேரளத்தில் வண்ணப்பொடியால் தரையில் தெய்வ உருவம் வரைவதற்கு இன்றும் களமெழுத்து என்றே பெயர். நம் வகுப்பறையில் மட்டும் என்னவாம்? கொம்பு, கால், சுழி, புள்ளி என்றுதானே எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம்? அத்தனையும் உருவங்கள். வாசிக்கப் பழகியதும் அந்த உருவங்கள் கண்ணில் படாமல் போகின்றன. பணிக்கரின் ஓவியம் அவற்றைத் திரும்பக் காட்டுகிறது. வாசிக்க முடியாததால்தான் கோட்டின் வளைவைப் பார்க்கிறோம், எங்கே அழுத்தம், எங்கே வேகம் என்று கவனிக்கிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு படத்தின் முன் வந்தால் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அர்த்தம் சொல்ல வேண்டாம். தெரிந்த வடிவம் ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அப்புறம் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, எந்த மொழியிலும் இல்லாத ஒரு பக்கத்தை எழுதச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.

அன்புடன்,
அன்று அந்தப் பையனுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர்