கொறிப்பதைப் பற்றித் தோழிக்கு

தென்காசி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள் என்ற வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா தானே பேப்பர் படிக்கிறாள், ஆனாலும் உன் கடிதத்தை யாராவது வாசிக்கக் கேட்கத்தான் அவளுக்கு இஷ்டம். இங்கே சாரல் இறங்கிவிட்டது. குற்றாலம் போகும் வண்டிகளால் சனி, ஞாயிறுகளில் ரோட்டைக் கடக்கவே முடியவில்லை. துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

சரி, எடை விஷயத்துக்கு வருகிறேன். பலகாரத்தை விட்டாச்சு, பேக்கரிப் பக்கம் போவதில்லை, காலையில் ரேஸ்கோர்ஸில் நடை, தைராய்டு டெஸ்ட்டும் நார்மல், ஆனாலும் எடை அசையவில்லை, அதனால் சோற்றையும் நிறுத்தப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து சோற்றை நிறுத்தாதே. உன் முழங்கால் வலியும், எல்லையில் நிற்கும் சர்க்கரையும் எனக்கும் கவலைதான். அதனால்தான் மனசில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

தை மாதம் வளைகாப்புக்கு வந்து உன் வீட்டில் தங்கினேனே, அப்போது உன் தட்டில் ஒரு குறையும் நான் பார்க்கவில்லை. அளவான சோறு, நிறைய காய், கீரை, மோர். ஆனால் சமையலறை மேடையில் வரிசையாக டப்பாக்கள் இருந்தன. வறுத்த வேர்க்கடலை, பாதாம், பேரீச்சை, பொட்டுக்கடலை, கம்பு முறுக்கு, கடலைமிட்டாய். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது ஒரு பிடி, போனில் மகளோடு பேசும்போது ஒரு பிடி, சீரியல் பார்க்கும்போது மடியில் ஒரு டப்பா. எல்லாமே நல்ல பொருள் என்பதால் கை தயங்கவே இல்லை. பஜ்ஜி என்றால் ஒன்றோடு நிறுத்தியிருப்பாய்.

மனையியல் பாடம் நடத்திய பழக்கம் என்னை விடாது, கொஞ்சம் கணக்குப் போடுகிறேன். நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 567 கலோரி. கைப்பிடி என்று நாம் சொல்வது 30 கிராம் வரும், அதிலேயே 170. நம் வீட்டு இட்லி மூன்றில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெரிய மெட்ஜூல் பேரீச்சை ஒன்று 66, இரண்டு தின்றால் 130. ஐம்பது கிராம் பொட்டுக்கடலை 180ஐத் தாண்டும். ஒரு கடலைமிட்டாயையும் சேர்த்தால் ஒரு நாளில் அறுநூறை நெருங்கிவிடும். அரை மணி நேர நடையில் நம் வயதுக்காரர்களுக்குச் செலவாவது 150 கலோரிக்குள்தான். அந்த அறுநூறு உன் எந்த வேளைச் சாப்பாட்டுக் கணக்கிலும் இல்லை.

இன்னொன்று. வெல்லமும் கலோரியில் சர்க்கரைக்குப் பெரிய வித்தியாசம் இல்லாததுதான். கம்பும் தினையும் உலர்ந்த தானியமாக நிறுத்துப் பார்த்தால் அரிசிக்கு ஏறக்குறைய நிகர்தான். நார்ச்சத்து கூடுதல், அதனால் கம்பங்கூழாகவோ தினைப் பொங்கலாகவோ ஒரு வேளை உணவாகச் சாப்பிட்டால் நல்லது. அதையே மாவாக்கி எண்ணெயில் பொரித்து, பாக்கெட் மேலே 'சிறுதானியம்' என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. முறுக்கு முறுக்குதான்.

இதனால் கடலையும் பாதாமும் கெடுதல் என்று நினைத்துவிடாதே. ஸ்பெயினில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்றில், ஒரு பிரிவினருக்குத் தினமும் 30 கிராம் கொட்டைப் பருப்பு கொடுத்தார்கள். அவர்களுக்கு எடை ஏறவில்லை. பாதாமை முழுசாகத் தின்றால் அதன் கொழுப்பு முழுவதையும் உடல் எடுத்துக்கொள்வதில்லை என்று அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012இல் கண்டார்கள். 170 கலோரி என்று கணக்கு வைத்திருந்த ஒரு பங்கில் 129தான் உடலில் சேர்ந்ததாம். ஆனால் அந்த ஸ்பெயின்காரர்களுக்குக் கிடைத்தது அளந்து கொடுத்த 30 கிராம். உன் டப்பாவுக்கு அந்த எல்லை இல்லை.

உன்னை மட்டும் சொல்கிறேன் என்று வருத்தப்படாதே. 1992இல் நியூயார்க்கில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்றவர்களைச் சோதித்தார்கள். அவர்களுடைய உடல் கலோரியைச் செலவழிக்கும் வேகத்தில் குறை இல்லை. ஆனால் சாப்பிட்டதாக எழுதி வைத்தது, உண்மையில் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதிதான். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. நின்றுகொண்டே வாயில் போட்டது மனசில் பதிவதில்லை. டி.வி. பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் அப்போதும் கூடுதலாக இறங்கும், அடுத்த வேளையிலும் கூடுதலாகவே சாப்பிடுவோம். பிரிட்டன் ஆய்வாளர்கள் 24 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் இதைச் சொன்னார்கள்.

அதனால் நீ எதையும் விட வேண்டாம். டப்பாவிலிருந்து நேராக வாய்க்குப் போவதை மட்டும் நிறுத்து. சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் வேர்க்கடலையோ சுண்டலோ எடுத்துக்கொள், மூடியை மூடி டப்பாவை மேல் அலமாரியில் வை, பிறகு உட்கார்ந்து மென்று சாப்பிடு. வேர்க்கடலையை வறுப்பதற்குப் பதில் தோலோடு அவித்து வைத்தால் இன்னும் நல்லது. உரிக்க நேரம் எடுக்கும், தண்ணீர் சேர்வதால் ஒரு பிடிக்குக் கலோரியும் குறையும். பேரீச்சை ஒன்று போதும், அதையும் சாப்பாடு முடிந்த கையோடு தின்றுவிடு. காலையில் வெந்நீரில் கலக்கும் தேன் ஒரு மேசைக்கரண்டி 60 கலோரி, எடை குறைக்க என்று அதைக் குடிக்கத் தேவையே இல்லை.

பதினொரு மணிக்கு நிஜமாகவே பசிக்கிறது என்றால் காலைச் சாப்பாடு பற்றவில்லை என்று அர்த்தம். இரண்டு இட்லியோடு நிறுத்தாமல் மூன்றாகச் சாப்பிடு, சாம்பாரில் பருப்பும் காயும் அதிகமாக இருக்கட்டும். நீ பட்டினி கிடப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹாஸ்டலில் பரீட்சை நேரத்தில் விரதம் இருந்து மயங்கி விழுந்தவள் நீ.

அப்புறம், நீ கேட்ட மிளகாய்ப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன். வெயில் இல்லாததால் மிளகாயை வாணலியில் சூடுகாட்டித்தான் அரைத்தேன், நிறம் கொஞ்சம் மட்டு. அடுத்த மாதம் தம்பி மகன் கோயம்புத்தூர் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். சர்க்கரைக்கு மறுபடி ரத்தம் கொடுத்த பிறகு ரிசல்ட்டை மறைக்காமல் எழுது. அம்மா உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்