ஹெல்த் டாக்கும் கட்டிலோரமும்

சென்னை

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. ஹெல்த் டாக்கில், அதாவது சுகாதார அறிவுரையை வகுப்பில் பேசிக்காட்டும் பாடத்தில், முழு மார்க் வாங்குகிற நர்சிங் பிள்ளை, பிரசவம் முடிந்தவர்கள் இருக்கும் போஸ்ட்நேட்டல் வார்டில் ஒரு தாயின் முன்னால் ஏன் வாயடைத்து நிற்கிறது என்று கேட்டிருந்தாய். ஹெல்த் டாக்கில் லெசன் பிளான் உண்டு, ஃப்ளாஷ் கார்டு உண்டு, தலையாட்டத் தோழிகள் உண்டு. கட்டிலோரம் கிடைப்பது இரண்டு நிமிஷம். அதுவும் வேலைக்கு நடுவே. ப்ரெஷர் பார்க்கும்போது பேச்சுக் கொடுத்தால் அளவு ஏறிக் காட்டும், ஆகவே கையில் சுற்றிய கஃபை அவிழ்த்த பிறகுதான் பேச முடியும். இந்த இரண்டு நிமிஷத்துப் பேச்சைப் பிள்ளைகள் சீனியர் அக்காவிடமும் ஸ்டாஃப் நர்ஸிடமும் ஆயாம்மாவிடமும் கேட்டுக் கேட்டுத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இல் தொடங்கியது. அங்கே முதலில் பயின்றவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் கற்றிருப்பார்கள்.

சிக்கல் எங்கே என்றால், பிள்ளையின் காதில் விழுவது சீனியரின் வார்த்தை மட்டும். பேசிக்கொண்டே அவள் கண் எதைப் பார்த்தது என்பது விழுவதில்லை.

பால் கொடுப்பதையே எடுத்துக்கொள். "நல்லா புடிச்சுக் குடுங்கம்மா" என்பதை முதல் வாரத்திலேயே கற்றுவிடுகிறார்கள். ஆனால் அதைச் சொல்லும் முன் சீனியர் சத்தமில்லாமல் செய்ததைப் பார். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி திருப்பினாள். வயிற்றைத் தாயின் வயிற்றோடு ஒட்ட வைத்தாள். மூக்கு காம்புக்கு நேராக இருக்கும்படி பிடித்து, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்தாள். திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டுவந்தாள். மார்பைக் குழந்தையிடம் நீட்டவில்லை. முகவாய் மார்பில் பட்டதா, கீழ் உதடு வெளியே மடிந்ததா, காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிகிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்தாள். கன்னம் குழிந்தாலும், எடுத்த பிறகு காம்பு தட்டையாக இருந்தாலும் பிடி சரியில்லை. அப்போது வெடுக்கென்று இழுக்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பிடியைத் தளர்த்தி மறுபடி தொடங்க வேண்டும். இதில் எதையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால் பிள்ளை கற்றது அந்த ஒரு வரி. புண்ணான காம்போடு அழுகிற தாயிடம் அதே வரியை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்கிறது, பாவம்.

இன்சுலினில் இது ஆபத்தாகவே போகும். "20 கோடு வரைக்கும் இழுங்கம்மா" என்பது காதில் விழும். குப்பி மில்லிக்கு 40 யூனிட்டா, சிரிஞ்சின் மூடி சிவப்பா என்று சீனியர் ஒரு நொடி பார்த்தது விழாது. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20 வரை இழுத்தால் 50. வீட்டுக்குப் போய் மெடிக்கல் ஷாப்பில் கொடுத்ததை வாங்கப்போகிறவளுக்குக் கோட்டின் எண்ணைவிட மூடியின் நிறம்தான் முக்கியம்.

இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் என்று சொல்லிவிடுகிறார்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்வதில்லை. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. காபியோடு போடக்கூடாது, கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதும் விட்டுப்போகும்.

இவை எல்லாவற்றையும் விடச் சீக்கிரம் தொற்றிக்கொள்வது "புரிஞ்சுதா?" என்ற கேள்வி. "புரிஞ்சுது சிஸ்டர்" என்று பதில் வரும், கேஸ் ஷீட்டில் டிக் விழும். அதற்குப் பதிலாக, "வீட்ல மாமியார் கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்கச் சொல். "ஒரு மணி நேரத்துல பேடு முழுசா நனைஞ்சா 108-க்குப் போன் பண்ணணும்" என்று அவள் வாயால் வந்தால் போதும். மாமியார் பக்கத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவர்தானே.

நான் சொல்கிற வழி இதுதான். ஸ்டாஃபிடம், "செய்யும்போது கண்ணில் படுவதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள். டியூட்டி முடிகிற நேரத்தில் பிள்ளைகளை 10 நிமிஷம் நிற்கவைத்து, அன்று காதில் விழுந்த ஒரு வரியை ஆளுக்கொன்று சொல்லச் சொல். எது சரி, எதில் பாதி விட்டுப்போயிருக்கிறது, எதை மறந்துவிட வேண்டும் என்று அங்கேயே பேசிவிடலாம். "பால் பத்தலன்னா பவுடர் குடுங்க" என்ற வரி கட்டாயம் வரும். குழந்தை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று கேட்காமலே யாரோ சொன்ன வரி அது. ஆனால் சொன்னது யார் என்று மட்டும் தோண்டாதே. தோண்டினால் மறுநாள் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள்.

இங்கே இப்போது இந்தியும் ஒடியாவும் பேசுகிற தாய்மார் நிறைய. "தூத்", "பானி" என்று நாலு சொல்லைப் பிள்ளைகள் அவர்களிடமே கற்றுக்கொள்கிறார்கள். உங்கள் தெற்குப் பக்கத்துப் பாட்டிகள் குழந்தையின் தொப்புளில் என்னென்ன வைக்கிறார்கள், அதற்கு என்ன பேர் சொல்கிறார்கள் என்று எழுது. தெற்கேயிருந்து வருகிற தாய்மாரிடம் "எதையும் வைக்காதீங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், அந்தப் பேரைச் சொல்லியே கேட்கலாம்.

அன்புடன்,
மல்லிகா