பாதாளச் சாக்கடைக் குழாயைச் சீரமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
மூன்றாவது குறுக்குத் தெருவில் குடியிருப்போர்

பெறுநர்
பொறியாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்

பொருள்: தார்ச்சாலைக்கு அடியில் புதைந்த மேன்ஹோலை உயர்த்தி, தெருக் குழாயைச் சோதித்துச் சரிசெய்ய வேண்டுதல்.

ஐயா,

வணக்கம். கொஞ்சம் பலத்த மழை பெய்தாலே எங்கள் தெருவில் தரைத்தள வீடுகளின் குளியலறையில் கழிவுநீர் எதிர்த்து ஏறுகிறது. முதலில் தரை ஜாலியில் குபுகுபுவென்று காற்றுக் குமிழி, அப்புறம் கறுப்புத் தண்ணீர். புகார் கொடுத்தால் ஆட்கள் வருகிறார்கள். வீட்டுச் சேம்பரில் மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திவிட்டு, "இது வீட்டு லைன் கோளாறு, ப்ளம்பரைக் கூப்பிடுங்க" என்று போய்விடுகிறார்கள்.

வீட்டு லைனில் கோளாறே வராது என்று நாங்கள் சொல்லவில்லை. சமையல் எண்ணெய் சூட்டோடு இறங்கி, குழாய்க்குள் ஆறியதும் கட்டியாகப் படியும். அதில் பருக்கையும் தலைமுடியும் ஒட்டும். நாப்கின் கரையவே கரையாது. பழைய வீடுகளில் சுட்டமண் குழாய்தான். இணைப்பில் பூசிய சிமென்ட் விட்டுப்போனால் ஈரத்துக்கு வேர் உள்ளே நுழைந்துவிடும். கடைசி வீட்டில் தோண்டியபோது வேப்பமர வேர் சடை சடையாக, முழங்கை நீளத்துக்கு வந்தது. அந்த வீட்டார் சொந்தச் செலவில் பிவிசி குழாய் போட்டார்கள். அங்கேயும் இப்போது தண்ணீர் ஏறுகிறது. ஒரு வீட்டில் மட்டும் அடைத்தால் சரி, வீட்டுக் குழாய். வரிசையாக எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஏறினால் தெருக் குழாய்தானே?

பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டதில் தெரு நடுவிலுள்ள மேன்ஹோல் மூடி புதைந்துவிட்டது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டி வந்தாலும் தெரு முனையிலுள்ள மேன்ஹோலோடு திரும்பிவிடுகிறது. புதைந்த இடத்தருகே சாலை உள்வாங்கியும் இருக்கிறது. அடியில் குழாய் தாழ்ந்து மண் சேர்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறோம். கேமரா விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, சில வீடுகளின் மொட்டைமாடி மழைநீர்க் குழாயும் சாக்கடையில்தான் சேர்கிறது. அவ்வளவு தண்ணீரைத் தாங்கும் குழாய் இல்லை இது. நகராட்சி நோட்டீஸ் கொடுத்தால் அந்த இணைப்புகளும் சீக்கிரம் துண்டிக்கப்படும்.

ஆகவே, மூடியைத் தோண்டியெடுத்துச் சாலை மட்டத்துக்கு உயர்த்தி, உறிஞ்சும் லாரியும் ஜெட்டிங் வண்டியும் கொண்டு தூர் எடுத்து, கேமராவில் பார்த்துத் தாழ்ந்த பகுதிக் குழாயை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எந்த அவசரத்துக்காகவும் குழிக்குள் ஆளை இறக்க வேண்டாம். மனிதரை இறக்கிச் சாக்கடை அள்ளுவதைத் தடுக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதும், சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தாங்கள் அறிந்ததே. விஷவாயு யாரையும் பார்த்து வருவதில்லை. வண்டி வர நான்கு நாள் கூடினாலும் பொறுத்துக்கொள்கிறோம்.

வேலை நடக்கும் தேதியை முதல் நாளே சொன்னால், தெருவில் நிற்கும் கார், பைக்குகளை எடுத்து வழிவிடுகிறோம்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெரு குடியிருப்போர்