மார்ஷ்மெல்லோவை வைத்து மழலையரை எடைபோடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான குழந்தை வளர்ப்புக் கட்டுரை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்ட்டர் மிஷெல் நடத்திய மார்ஷ்மெல்லோ சோதனையை (மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற இனிப்பைக் குழந்தையின் முன் வைத்து, ஆய்வாளர் திரும்பி வரும்வரை தின்னாமல் பொறுத்தால் இரண்டாகக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு நேரம் பொறுக்கிறது என்று பார்ப்பது) விவரித்துவிட்டு, நான்கு வயதில் இனிப்பைத் தொடாமல் காத்திருந்த பிள்ளைகளே பின்னாளில் படிப்பிலும் வாழ்விலும் முன்னுக்கு வந்தார்கள் என்று முடித்திருந்தது. அதோடு நில்லாமல், பெற்றோர் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்றும், மழலையர் பள்ளிகள் சேர்க்கையின்போது பயன்படுத்தலாம் என்றும் யோசனை கூறியிருந்தது. கல்லூரியில் உளவியல் ஆய்வு முறைகளைக் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதுகிறேன்.

ஸ்டான்ஃபோர்டு வளாகத்துப் பிங் மழலையர் பள்ளியில் 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் முற்பகுதியிலும் நடந்தது ஒரே சோதனை அல்ல. அடுத்தடுத்துப் பல சோதனைகள் நடந்தன. அவை பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கணிப்பதற்காகத் திட்டமிடப்பட்டவையும் அல்ல. மிஷெலும் எப்பெசெனும் 1970இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். (அதில் வைத்தது மார்ஷ்மெல்லோகூட இல்லை, பிஸ்கட்டும், பிரெட்செல் என்ற உப்புப் பண்டமும்தான்.) 32 குழந்தைகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். இரண்டு பண்டங்களும் கண்ணெதிரே இருந்த பிரிவினர் சராசரியாக ஒரு நிமிடம்தான் பொறுத்தார்கள். இரண்டையும் மறைத்து வைத்த பிரிவினர் 11 நிமிடங்களுக்கு மேல் பொறுத்தார்கள். எந்தக் குழந்தை எந்தப் பிரிவுக்குப் போவது என்பது குலுக்கல் போலத் தற்செயலாகத் தீர்மானிக்கப்பட்டதால், குடும்பம், குணம், புத்திக்கூர்மை போன்ற வேறு காரணங்கள் ஒரே பக்கமாகச் சாய வாய்ப்புக் குறைவு. ஆகவே பண்டம் கண்ணில் பட்டதா இல்லையா என்பதே வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்ல இடமுண்டு. அக ஏற்புடைமை என்று வகுப்பில் நாங்கள் சொல்வது இதைத்தான். பிரிவுக்கு எட்டுப் பேர்தான் என்றாலும், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன நல்ல ஆய்வு அது.

கட்டுரையாளர் சொல்லும் முடிவோ இந்தச் சோதனையிலிருந்து வந்ததல்ல. அதே பிள்ளைகள் வளர்ந்த பின் அவர்களைப் பற்றி விசாரித்து, ஷோடா, மிஷெல், பீக் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட பின்தொடர் ஆய்வில் அது இருக்கிறது. அங்கே யாரும் குலுக்கிப் போட்டு ஒரு குழந்தைக்குப் பொறுமையையும் இன்னொன்றுக்கு அவசரத்தையும் கொடுக்கவில்லை. பொறுத்த குழந்தையும் பொறுக்காத குழந்தையும் தத்தம் வீட்டிலிருந்து, தத்தம் சூழலைச் சுமந்துகொண்டுதான் வந்திருந்தார்கள். முதலில் பங்கேற்ற 653 குழந்தைகளில் 185 பேரின் பெற்றோரே வினாப்படிவத்தை நிரப்பி அனுப்பினர். எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் 94 பேருக்குத்தான் கிடைத்தது. அவர்களிலும், பண்டம் கண்ணெதிரே இருக்க, எந்த உத்தியும் சொல்லித்தரப்படாமல் காத்திருந்த 35 பேரிடம் கண்ட தொடர்பைத்தான் உலகமே மேற்கோள் காட்டுகிறது. விலகிப்போனவர்கள் எப்படிப்பட்டவர்கள், பதில் எழுதிய குடும்பங்கள் மற்றவற்றிலிருந்து எவ்வகையில் வேறுபட்டவை என்ற கேள்விகளுக்கு இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு விடை காண முடியாது. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் தொடர்பு மிகையாகத் தெரியக்கூடும் என்று ஆய்வாளர்களே எச்சரித்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை அவர்கள் கட்டுரையோடு நின்றுவிட, முடிவு மட்டும் ஊர் ஊராகப் போய்விட்டது.

2018இல் வாட்ஸ், டங்கன், குவான் ஆகியோர் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைக் கொண்டு இதை மீண்டும் ஆராய்ந்தனர். தாய் கல்லூரிப் பட்டம் பெறாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் முக்கியத்துவம் கொடுத்தார்கள். நான்கரை வயதில் காத்திருந்த நேரத்துக்கும் பதினைந்து வயதில் பெற்ற தேர்ச்சிக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்தது, ஆனால் பழைய ஆய்வில் கண்டதில் பாதி அளவே. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், குழந்தையின் தொடக்க கால அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. இந்த ஆய்விலும் குறை இல்லாமல் இல்லை. காத்திருக்கும் நேரம் 7 நிமிடங்களோடு முடிக்கப்பட்டதால், அதற்கு மேலும் பொறுக்கக்கூடிய பிள்ளைகளை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறிய வழியில்லை. அறிவுத்திறனின் பங்கை இப்படிக் கழிக்கும்போது தன்னடக்கத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து கழிந்துவிடுகிறது என்ற வாதமும் உண்டு. அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இவ்வளவு வாதப்பிரதிவாதம் உள்ள ஒன்றைப் பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதைவிட அடிப்படையான கேள்வி, அந்தச் சோதனை அளப்பது தன்னடக்கத்தைத்தானா என்பது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிட், பால்மெரி, ஆஸ்லின் ஆகியோர் 28 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. முதலில் குழந்தையிடம் பழைய கிரேயான்களைக் கொடுத்து, சற்றுப் பொறுத்தால் புதிதாக நிறையக் கொண்டுவருவதாக ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேருக்குச் சொன்னபடியே வந்தது. மீதிப் பேரிடம் அவர் வெறுங்கையோடு திரும்பி, இல்லையாம், இருப்பதையே வைத்துக்கொள் என்றார். ஸ்டிக்கரிலும் இதே கதை. அதன் பிறகுதான் மார்ஷ்மெல்லோ வந்தது. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் மூன்றே நிமிடங்கள். இரண்டாவது வகைப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? வரும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் கையில் இருப்பதைத் தின்றுவிடுவது புத்திசாலித்தனம்தானே. “கடைக்குப் போய் வாங்கித் தருகிறேன்” என்று சொல்லிச் சொல்லியே அழுகையை அடக்கும் வீட்டில் இச்சோதனையைச் செய்தால், மதிப்பெண் போட வேண்டியது பெற்றோருக்குத்தான்.

ஓரிடத்தில், ஒரு வகைப் பிள்ளைகளிடம் கண்டது வேறிடத்துக்கும் பொருந்துமா என்பது புற ஏற்புடைமை. பிங் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்பத்தினர். மூன்று வேளை உணவும் கேட்ட விளையாட்டுப் பொருளும் கிடைக்கும் வீட்டுக் குழந்தைக்குத் தட்டிலிருக்கும் இனிப்பு ஒரு விளையாட்டு. பசியோடு வந்த குழந்தைக்கோ, அண்ணன் தம்பிகளோடு பங்கு போட்டே பழகிய குழந்தைக்கோ அது அப்படியல்ல.

பள்ளிச் சேர்க்கையில் குழந்தையைத் தேர்வுக்கு உட்படுத்தி வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 13ஆம் பிரிவு தடுக்கிறது. மழலையர் வகுப்புக்கு அப்பிரிவு எந்த அளவு பொருந்தும் என்பது நீதிமன்றம் வரை போன விவகாரம்; ஆனால் எல்.கே.ஜி. சேர்க்கைக்கே பிள்ளையையும் பெற்றோரையும் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் பள்ளிகள் நம்மிடையே இருப்பது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் கையில் ஒரு தட்டு மிட்டாயையும் நாமே எடுத்துக் கொடுக்க வேண்டுமா? இணைப்பின் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பெற்றோர் பலர் என்பதால், சேர்க்கை பற்றிய அந்த ஒரு யோசனையையாவது அடுத்த ஞாயிறே, அதே பக்கத்தில் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உளவியல் விரிவுரையாளர்,
மதுரை.