புழு விழுந்த மலைக்கும் அதே கிலோவா?

பெரிய துரை அவர்களுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் வணக்கம்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி இரண்டாம் வருஷத்தில் நிற்கும் மேட்டு மலையில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருப்பது உங்களுக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை காட்டினார், நீங்களும் வந்து பார்த்தீர்கள். அப்படியிருந்தும் போன வாரம் அங்கே கொழுந்தெடுத்த பெண்களுக்கு, ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோ குறைந்ததென்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், போட்டிருக்கிறீர்கள். அதில் என் அம்மாவும் ஒருவர்.

அந்தச் செடிகளில் கொழுந்தும் பக்கத்து இலையும் நூலால் ஒட்டிக் கிடக்கின்றன. பிரித்தால் உள்ளே கறுத்த தலையோடு ஒரு பச்சைப் புழு. தொட்டவுடன் பின்னால் நெளிந்து, நூலில் தொங்கி இறங்கிவிடும். நல்லதா, புழு தின்றதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத்தான் கூடையில் போட வேண்டும். பார்க்காமல் போட்டால் தராசடியில் கழிக்கிறீர்கள். பார்த்துப் போட்டால் கிலோ ஏறாது. போதாததற்கு, சுருண்ட இலையைக் கிள்ளித் தனிப் பையில் சேர்க்கவும் சொல்லியிருக்கிறீர்கள். செடிக்கு அது நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்குச் சம்பளம் எங்கே?

புழு விழுந்த மலையில் கிலோ அளவைக் குறைத்து முழுப்பேர் போடுங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

மருந்து அடித்தால் சரியாகிவிடும் என்று சின்னத் துரை சொன்னாராம். இதே புழுவை அடக்கத்தான் 1930களில் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற சின்னக் குளவியைக் கொண்டுவந்து இலங்கை மலைகளில் விட்டார்கள். புழுவுக்குள்ளேயே வளர்ந்து அதைக் கொல்லும் குளவி அது. பிறகு, தண்டு துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடிக்கப்போய்க் குளவிதான் செத்தது, இலைச்சுருட்டி பெருகியது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மருந்துத் தொட்டியை எடுங்கள்.

இந்தத் தோட்டத்தில் எது கெட்டாலும் எங்கள் தலையில்தான் விடிகிறது. மழை பெய்தால் இலை நனைந்ததென்று கழிவு. வெயிலடித்தால் கொழுந்தில்லையென்று அரைப்பேர். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறதென்று மனுக் கொடுத்தால், தேயிலை விலை இறங்கிவிட்டதென்று பதில். விலை ஏறிய வருஷத்திலும் அந்தக் கூரை அப்படியேதான் இருந்தது, துரை.

சரி, கூரையைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். இப்போதைக்கு, புழு இருக்கும்வரை அந்த மலைக்குக் கிலோ அளவைக் குறையுங்கள். போன வாரம் வெட்டிய அரைநாள் சம்பளத்தையும் இந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழுந்தெடுக்கும் ஒரு தாயின் மகள்