மஹோன் வம்சம் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அயர்லாந்து நிலக்கிழார்கள் பற்றிய கட்டுரையில் ரோஸ்காமன் பகுதி ஸ்ட்ரோக்ஸ்டவுன் மஹோன் குடும்பத்தின் வம்சாவளியை விரிவாகப் போட்டிருந்தீர்கள், சரி, ஆனால் அந்த நிலத்தை உழுதவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! 1845இல் சொத்துக்கு வந்த மேஜர் டெனிஸ் மஹோன், உருளைக்கிழங்குப் பஞ்சம் உச்சத்தில் இருந்த 1847இல், 1,490 குத்தகைக்காரர்களைக் கனடாவுக்கு அனுப்பினார். டப்ளின் வரை கால்வாய்க் கரையோரமாக நடந்தே போனார்கள், அப்புறம் கப்பலில் செத்தவர்கள் ஏராளம். அதே ஆண்டு நவம்பரில் மேஜரைச் சுட்டுக் கொன்றார்கள்.

1979இல் அந்த எஸ்டேட்டை வாங்கிய உள்ளூர் கேரேஜ்காரர் கண்ணில் பட்டது ஒரு பழைய மனு. 1846இல் அந்த எஸ்டேட்டைச் சேர்ந்த குளூனஹீ என்ற ஊரின் குத்தகைக்காரர்கள் எழுதியது. பிள்ளைகள் சோறு கேட்டு அழுவதை இனியும் தாங்க முடியாது என்று கெஞ்சியிருக்கிறார்கள். எனக்குப் படிக்கவே கை நடுங்கியது. அந்த எஸ்டேட்டில்தான் 1994இல் பஞ்சம் பற்றிய அருங்காட்சியகம் வந்தது.

1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டன, அதனால் ஏழைக் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேட இப்படிப்பட்ட எஸ்டேட்களின் வாடகைப் பதிவேடுகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அடுத்த பகுதியில் அவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்