கீழ்ப்படிய மறுத்த மணிலா

ஆசிரியருக்கு,

வணக்கம். ரத்தம் சிந்தாமல் அரசியல் புரட்சி நடக்காது என்று சென்ற இதழ்க் கட்டுரை முடிவு கட்டிவிட்டது. பிரான்ஸ், ரஷ்யா, சீனா என்று அடுக்கியவர் 1986-ன் பிலிப்பைன்ஸைத் தொடவே இல்லை. அதைப் பேசாமல் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

1972-ல் ராணுவச் சட்டம் கொண்டுவந்து எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளியவர் அந்நாட்டு அதிபர் மார்க்கோஸ். எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அகினோ 1983-ல் நாடு திரும்பியபோது மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1986 பிப்ரவரி அதிபர் தேர்தலில் அவர் மனைவி கோரசோன் நின்றார். வாக்கு எண்ணிக்கையில் தில்லுமுல்லு நடப்பதைப் பார்த்த தேர்தல் ஆணையத்தின் கணினிப் பணியாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். என்னைக் கேட்டால் புரட்சி அங்கேதான் தொடங்கியது.

அப்புறம் பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் தளபதி ராமோஸும் மார்க்கோஸைக் கைவிட்டுப் படைமுகாமுக்குள் இருந்துகொண்டார்கள். அவர்களுக்குத் துணை நிற்கும்படி மணிலாவின் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் சின் வானொலியில் அழைக்க, முகாமை ஒட்டிய எட்சா சாலை நிரம்பி வழிந்தது. டாங்கிகளுக்கு முன்னால் கன்னியாஸ்திரிகள் ஜெபமாலையோடு முழந்தாளிட்டார்கள். மக்கள் சிப்பாய்களுக்குப் பூவும் சாப்பாடும் நீட்டினார்கள். டாங்கிகள் திரும்பிப் போயின. முகாமை நோக்கி வந்த ஹெலிகாப்டர்கள் சுடாமல் உள்ளேயே இறங்கி, வீரர்கள் கட்சி மாறினார்கள். பிப்ரவரி 25 இரவு மார்க்கோஸ் குடும்பம் மாளிகையைக் காலி செய்தது; கோரசோன் அதிபரானார்.

துப்பாக்கிக்கு அங்கே வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரிந்து வந்த படையினரிடம் ஆயுதம் இருந்தது; அதிபர் மாளிகை மீது ராக்கெட்டும் வீசினார்கள். ஆனால் முதல் நாளிலேயே அவர்களை நசுக்கிவிடும் பலம் மார்க்கோஸிடம் இருந்தது. நடுவில் வெறுங்கையோடு லட்சக்கணக்கானவர்கள் நின்றதால்தான் அது நடக்கவில்லை. 1969 முதல் ஆயுதப் போர் நடத்திவந்த, கம்யூனிஸ்ட் கட்சியின் புதிய மக்கள் படையால் அவரை இறக்க முடியவில்லை. அந்தக் கட்சியோ 1986 தேர்தலையே புறக்கணித்து ஒதுங்கி நின்றது.

எனக்கு உறுத்துவது வேறு. ஆள் மாறினார், நிலம் கைமாறவில்லை. 1987 ஜனவரியில் நிலம் கேட்டு மணிலாவின் மெந்தியோலாவுக்கு ஊர்வலமாக வந்த விவசாயிகள் மீது கோரசோன் ஆட்சியிலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் உயிரிழந்தார்கள். கோரசோனே பெரும் கரும்புப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். எட்சாவில் நின்ற கூட்டம், நிலச் சீர்திருத்தம் வரும்வரை கலைந்திருக்கக் கூடாது. கட்டுரையாளர் அலச வேண்டியது இந்த இடத்தைத்தான். அடுத்த இதழிலாவது எழுதச் சொல்லுங்கள்.

– வாசகர், கும்பகோணம்